நாலு வீட்டுக் காபி

டெல்லி,
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா?

போன வாரம் போனில் பேசியது எப்படி முடிந்தது என்று நம் இருவருக்கும் தெரியும். நீங்கள் கத்தினீர்கள், நானும் கத்தினேன். அம்மா போனைப் பிடுங்கி, "வாயால பேசுனது போதும், இனிமே ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க" என்று வைத்துவிட்டார்கள். அம்மா சொன்னது சரிதான் என்று படுகிறது. எழுதும்போது குறுக்கே பேச முடியாது அல்லவா. முழுசாக வாசிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நான்காம் வருடம் தொடங்கிவிட்டது. நான்கு வருட பி.ஏ.யில் எங்கள் வகுப்புதான் முதல் செட். அதனால் எதைக் கேட்டாலும் யாருக்கும் தெரியவில்லை. தீசிஸ் எழுத வேண்டும். அதற்கு ஒரு கைடு வேண்டும். மாதக் கடைசிக்குள் அவர் கையெழுத்தோடு தலைப்பைக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை பேருக்குக் கைடாக இருக்க டிபார்ட்மெண்டில் ஆள் இல்லை. காலையில் ஆசிரியர் அறை வாசலில் ரேஷன் கடையில் நிற்பது போல நிற்கிறோம்.

நான் இதுவரை இரண்டு பேரிடம் போனேன். முதலாமவர் நடந்துகொண்டே கேட்டார். வெளியுறவுக் கொள்கை என்றால் வா, இல்லையென்றால் வேறு ஆளைப் பார் என்று சொல்லிக்கொண்டே லிஃப்டுக்குள் போய்விட்டார். இரண்டாமவர் ஒரு மேடம். உட்காரவைத்து நான் எழுதியிருந்த ஒரு பக்கத்தைப் படித்தார். "உன்னிடம் ஒரு வலி இருக்கிறது. கேள்வி இன்னும் இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார். ஹாஸ்டலுக்கு வந்து அழுதேன். அவர் சொன்னது உண்மை என்பதால்.

தலைப்பு என்ன என்று போனிலேயே சொல்லிவிட்டேன், அதற்குத்தான் சண்டை. இருந்தாலும் ஒழுங்காக எழுதுகிறேன். பட்டாசு விபத்து நடந்தபின் மார்ச்சுவரி வாசலில் அதிகாரிகளும் கம்பெனியும் குடும்பங்களும் நடத்தும் சமரசப் பேச்சுவார்த்தை. உடலை வாங்க மாட்டோம் என்று உட்கார்ந்தவர்கள் எப்படி எழுந்திருக்கிறார்கள் என்பது.

இன்னொன்று. முந்தாநாள் கை தவறி பெனிட்டோ அண்ணன் நம்பரைத் தொட்டுவிட்டேன். அண்ணன் போய் மூன்று வருடமாயிற்றே, நம்பர் வேறு யாருக்காவது போயிருக்கும் என்று நினைத்தேன். ரிங் போனது அப்பா. அவனுடைய பழைய பாட்டுதான். யாரும் எடுக்கவில்லை.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஷைலா

—

எம். புதுப்பட்டி,
20 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் ஷைலாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

'கர்த்தருக்குள்' என்று தொடங்குவதை நான் விட்டுவிட்டது உனக்குத் தெரியும். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, என் ஸ்தோத்திரத்தையாவது எழுதுங்க என்கிறாள். எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த போஸ்ட்மேன், "டெல்லில இன்னும் போன் வரலியா சார்?" என்று கேட்டான். இந்த ஊரில் எல்லாருக்கும் என்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது.

தலைப்பை மாற்று. நிதிக்குழு இருக்கிறது, ஆளுநர் அதிகாரம் இருக்கிறது, கட்சித் தாவல் இருக்கிறது. இந்த நாட்டில் கேள்விக்கா பஞ்சம்? பதினொன்றாம் வகுப்புக்கு அரசு என்றால் என்ன என்று வருடம் தவறாமல் நடத்துகிறேன். மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை. அந்த நான்கும் மார்ச்சுவரி வாசலில் இருந்தன. அவை ஒன்றுக்கொன்று என்ன செய்துகொண்டன என்று நான் பார்த்தேன். நீயும் பார்க்க வேண்டாம்.

உன்னை லிஃப்ட் வாசலில் விட்டுவிட்டுப் போனவரைப் பற்றி எனக்கு ஆச்சரியமில்லை. பேராசிரியர்களை நான் அறிவேன். உனக்கு நான் சொல்லாத ஒரு கதை உண்டு. உன் யூனிவர்சிட்டியில் இராமகிருஷ்ணன் என்று ஒருவன் இருக்கிறான். விருதுநகர்க்காரன், எண்ணெய் வியாபாரக் குடும்பம். மதுரையில் எம்.ஏ. படிக்கும்போது எனக்கு அடுத்த பெஞ்ச். இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒரே ஒரு இடம் காலியானபோது இரண்டு பேரும் போனோம். என் மதிப்பெண் அதிகம். உட்காருவதற்கு முன்பே, "உங்களுக்கு இங்க யாரைத் தெரியும்?" என்று கேட்டார்கள். புத்தகத்தில் படித்தவர்களைத் தவிர யாரையும் தெரியாது என்றேன். சிரித்தார்கள். அவனுக்குக் கிடைத்தது. சரி, வைத்துக்கொண்டானா? இரண்டே வருடத்தில் அதை உதறிவிட்டு டெல்லிக்கு ரயிலேறினான். நான் பள்ளிக்கூடத்து வாத்தியாராகி, 'பாஸானால் போதும் சார்' என்கிற பையன்களுக்கு இறையாண்மை சொல்லிக்கொடுக்கிறேன். பிடுங்கியதைத் தின்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன். கீழே போட்டுவிட்டுப் போனான்.

அவனிடம் போ. வெம்பக்கோட்டை எங்கே இருக்கிறது என்று மேப்பைப் பார்க்காமல் சொல்லக்கூடியவன் அங்கே அவன் ஒருவன்தான். எனக்குச் செய்ததை உனக்குச் செய்து கழிக்கட்டும். தலைப்பை மாற்றிக்கொண்டு போ. பால்துரை மகள் என்று சொல். முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அம்மாவுக்கு மறுபடி முழங்கால் வலி. ஆஸ்பத்திரி வார்டில் இவ்வளவு நேரம் நிற்காதே என்றால் கேட்பதில்லை.

இப்படிக்கு,
பா. பால்துரை, எம்.ஏ., பி.எட்.

—

டெல்லி,
4 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு பெல்ட் அனுப்பியிருக்கிறேன். போட மாட்டார்கள். நீங்கள் போட வையுங்கள்.

நீங்கள் சொன்னபடி இராமகிருஷ்ணன் சாரிடம் போனேன். தலைப்பை மட்டும் மாற்றவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அறை முழுக்கக் காகிதம். மேஜையில் ஊரிலிருந்து வந்த காரச்சேவு பாக்கெட் திறந்து கிடந்தது. பக்கத்தைப் படித்துவிட்டு இங்கிலீஷில் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "வெம்பக்கோட்டை டேமுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று தமிழுக்கு வந்துவிட்டார். உங்களைப் பற்றிச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். "பால்துரையா, நல்லா இருக்காரா? பிரமாதமா படிப்பாரே" என்று விசாரித்தார். உங்களை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னார்.

"வீட்ல யாரும் போயிட்டாங்களா?" என்று கேட்டார். அண்ணன் என்றேன். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தான், கெமிஸ்ட்ரி படித்தவன் என்றேன். சேவு பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார்.

பிறகு சொன்னார்: "அண்ணன்ல இருந்து ஆரம்பிக்காதம்மா. அங்க ஆரம்பிச்சா அங்கயே நின்னுருவ. அஞ்சு குடும்பம் உக்காந்தீங்க. நாலு குடும்பம் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாங்க. அந்த நாலு வீட்டுக்குப் போ. ஏன் போட்டாங்க? அதுதான் கேள்வி. போடாதவரு ஏன் போடலைங்கிறது உனக்குப் பொறந்ததுல இருந்தே தெரியும்."

கைடாக இருக்கச் சம்மதித்துவிட்டார். எனக்காக ஆபீஸில் பேசித் தேதியும் தள்ளி வாங்கியிருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த வீடுகளுக்குப் போக உங்களுக்குச் சம்மதம் என்று நீங்கள் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அவர் கையெழுத்துப் போட மாட்டார்.

எழுதுவீர்களா அப்பா?

அண்ணன் போன் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்பு மகள்,
ஷைலா

—

எம். புதுப்பட்டி,
14 செப்டம்பர் 2025

அன்பு மகள் ஷைலாவுக்கு,

பெல்ட் வந்தது. அம்மா அதை அப்படியே டப்பாவோடு பீரோவில் வைத்து, "பிள்ள ஆசையா அனுப்பிருக்கா, அழுக்காயிரும்" என்கிறாள்.

இராமகிருஷ்ணன் யாரையும் விசாரிக்க மாட்டான். மதுரையில் ஹாஸ்டலில் ஒருவனுக்கு அம்மை போட்டபோது, அவன் நோட்டு தனக்குக் கிடைக்குமா என்று கேட்டவன். அந்த வரியை நீயாகத்தான் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை.

சம்மதம் கிடையாது.

நான்கு வீட்டுக்காரர்கள் ஏன் கையெழுத்துப் போட்டார்கள் என்பதற்கு டெல்லியிலிருந்து வர வேண்டியதில்லை. நான் இங்கிருந்தே சொல்கிறேன். பயம், அப்புறம் பணம். அத்தியாயம் முடிந்தது.

நீ அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாய். உன்னை அங்கே வரவிடவில்லை. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் உட்கார வேண்டிய ரூமில் ஆர்டர் அவசரத்துக்கு ஏழு பேரை உட்காரவைக்கச் சொல்கிறார்கள் என்று அன்று காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே பெனிட்டோ என்னிடம் சொன்னான். முடியாது என்று எழுதிக் கொடு என்றேன். "எழுதிக் குடுத்தா வீட்டுக்குப் போன்னுருவாகப்பா" என்றான். மதியம் அந்த ரூம் போய்விட்டது. அவனோடு சேர்த்து ஐந்து பேர். சாயங்காலமே கேஸில் அவன் பெயரை எழுதிவிட்டார்கள். போர்மேன் அஜாக்கிரதை. செத்தவன் மேல் எழுதுவதுதான் சுலபம், அவன் ஸ்டேஷனுக்கு வந்து மறுக்க மாட்டான்.

நான் வாசலில் உட்கார்ந்தேன். என் மகன் பெயரை எடுக்கும்வரை உடலை வாங்க மாட்டேன் என்றேன். மற்ற நாலு வீட்டுக்காரர்களும் என்னோடு உட்கார்ந்தார்கள். "சார் சொல்றதுதான்" என்றார்கள். பாண்டிமுருகன், பெண்டாட்டி முத்துச்செல்வியை இழந்தவன், என் காலைத் தொட்டுச் சொன்னான். பொன்னுத்தங்கம், புருசனைப் பறிகொடுத்தவள், என் துண்டை நனைத்துக் கொண்டுவந்து என் தலையில் போட்டாள். அப்படியொரு வெயில். நானும் முட்டாள்தனமாக, இதுதான் மக்கள் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனி மேல் எங்களுக்குப் புகார் இல்லை என்று. கம்பெனி மேல் புகார் இல்லையென்றால் பிறகு யார் மேல்? மிச்சம் இருந்தது என் மகன் ஒருவன். மறுநாள் மதியம் நானும் வாங்கினேன். தனியாக உட்கார்ந்திருக்கிறவனைப் பைத்தியம் என்பார்கள். இப்போது கோர்ட்டில், இறந்துவிட்டதால் அவன் மேல் வழக்கு நடத்த முடியாது என்று முடித்துவிட்டார்கள். குற்றமில்லை என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரியும், அரசியல் படிக்கிறாய்.

அந்த நாலு வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. எதிரே வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிறேன். நீ என் வீட்டில் படுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக் காபியைக் குடிக்க முடியாது.

இப்படிக்கு,
பா. பால்துரை

—

டெல்லி,
30 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் உண்மை. இராமகிருஷ்ணன் சாருக்கு உங்களை ஞாபகமே இல்லை. பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், மதுரை என்றேன், அடுத்த பெஞ்ச் என்றேன். யோசித்தார். "மன்னிச்சுக்கம்மா, வரலை" என்றார். அந்த இண்டர்வியூவைப் பற்றியும் கேட்டேன். அப்படி ஒரு கல்லூரியில் வேலை பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது, அங்கே மெஸ் சாப்பாடு மோசம் என்றார். உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் பொய் எழுதினேன்.

அவரிடம் உங்கள் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். பயம், பணம், அத்தியாயம் முடிந்தது. அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த வீடுகளுக்குப் போகாம எழுதினா அது தீசிஸ் இல்லம்மா. உங்க அப்பா கோபத்தோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. அதுக்கு எதுக்குக் கைடு?"

உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். எனக்கும் வந்தது. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அப்பா, அண்ணனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் சொன்னது. நீங்கள் சொல்லும்போது அவன் எப்போதும் அந்த இட்லியைப் பிட்டுக்கொண்டே இருக்கிறான். அவனோடு அந்த ரூமில் இருந்தவர்களின் வீட்டில் யாரும் அவனைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. அவன் அங்கே எப்படி இருந்தான், அவர்களோடு சிரித்தானா, திட்டினானா எதுவும் தெரியாது.

தேதி அக்டோபர் கடைசி. அதற்குள் நீங்கள் எழுதாவிட்டால் எனக்குக் கைடு இல்லை. கைடு இல்லாவிட்டால் நான்காம் வருடம் இல்லை. மூன்று வருடப் பட்டத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மிரட்டவில்லை. விதி அப்படி.

ஷைலா

—

எம். புதுப்பட்டி,
23 அக்டோபர் 2025

ஷைலாவுக்கு,

தீபாவளி முடிந்தது. ஊரெல்லாம் செய்ததை ஊரெல்லாம் வெடித்துத் தீர்த்தார்கள். நம் வீட்டையும் சேர்த்து அந்த ஐந்து வீட்டு முன்னால் மட்டும் குப்பை இல்லை. கூட்டுகிற பெண் சொல்லித்தான் கவனித்தேன்.

என்னை நினைவில்லை என்றானா. இருபத்தைந்து வருடம் நான் அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அவன் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நல்லது. ஒரு ஆள் குறைந்தது.

எழுதிவிட்டேன். தனித்தாளில் வைத்திருக்கிறேன், அவனிடம் கொடு. "என் மகள் அந்த நான்கு குடும்பங்களையும் சந்திப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை." சம்மதம் என்ற சொல்லை எழுத வரவில்லை. இது போதாது என்றால் அவன் வேறு ஆளைப் பார்க்கட்டும்.

டிசம்பரில் வா. அம்மா முறுக்குக்கு அரிசி ஊறப்போடுவதாகச் சொல்கிறாள். அங்கே போ, கேள், எழுது. காபி மட்டும் குடிக்காதே.

பால்துரை

—

டெல்லி,
19 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

ஊரிலிருந்து கிளம்பும்போது ஸ்டேஷனில் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா மட்டும், "எல்லாரும் நல்லா பேசுனாகளா?" என்று கேட்டார்கள். பேசுனாகம்மா என்றேன். தலையைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் பாட்டில் வாங்கப் போய்விட்டார்கள்.

அப்பா, தீசிஸை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். இல்லாவிட்டால் தலைப்பை மாற்றிவிடுகிறேன். ஆளுநர் அதிகாரம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

எல்லாரும் பேசினார்கள். பாண்டிமுருகன் அண்ணாச்சி என்னைக் கண்டதும், "வாத்தியாரு மகளா! எங்க வீட்டுக்கா? வழி தெரியாம வந்துட்டியா தாயி?" என்று சிரித்தார். "உங்கப்பா எங்களப் பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவாரு. அந்தப் பக்கம் சாக்கடை. மூணு வருசமா மனுசன் சாக்கடை ஓரத்துலயே நடக்காரு, ஒரு நா விழுந்து கால ஒடிச்சுக்கிடப் போறாருன்னு எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

முத்துச்செல்வி அக்காவைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் கேட்டேன். அண்ணன் ரூம் ரூமாக வந்து, "யக்கா, மருந்தக் கொஞ்சமா எடுங்க, கொஞ்சமா எடுங்க" என்று கெஞ்சுவானாம். அக்கா அவனுக்கு 'கொஞ்சம்' என்றே பேர் வைத்திருந்தார்களாம். அண்ணன் அதற்குக் கோபித்துக்கொள்வானாம். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கேஸில் என்ன எழுதியிருந்தாலும், அந்த நாலு வீட்டிலும் யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. ஒருவர்கூட.

பொன்னுத்தங்கம் அக்கா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். காபி போட்டார்கள். வேண்டாம் என்றேன். "உங்கய்யா சொல்லிவிட்டாகளா?" என்று கேட்டார்கள். நோட்டைப் பிரித்தேன். "அப்ப சுக்குத்தண்ணி குடி. அதுக்கு ஒண்ணும் சொல்லிருக்க மாட்டாகல்லா" என்று கொண்டுவந்து வைத்தார்கள்.

கையெழுத்து ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். மற்ற மூன்று வீட்டிலும் அந்தக் கேள்விக்கு மட்டும் பேச்சை மாற்றினார்கள். அக்கா டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்கள். "அத விடு தாயி. நாங்க காசுக்குப் போட்டோம்னு உங்கய்யா நெனைக்காக. நெனச்சுட்டுப் போகட்டும். எங்களுக்கு அது ஒரு பாரமில்ல. தாங்கிக்கிடுதோம்" என்றார்கள். காசுக்கு இல்லையா என்று கேட்டேன். "காசு அன்னைக்குக் காலைலயே தாரோம்னாக. அப்ப போடலியே. உங்கய்யா உக்காந்திருக்கும்போது எந்திரிக்க எங்களுக்கு என்ன மனசா வரும்?"

அப்புறம் சொன்னார்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னார்கள்.

அதை உங்களுக்கு எழுத மாட்டேன். அதை எழுதாமல் தீசிஸ் இல்லை. சார் கேட்ட ஒரே கேள்விக்கு அதுதான் பதில். எழுதினால் நீங்கள் வாசிப்பீர்கள். ஆகையால் விட்டுவிடுகிறேன். காரணம் கேட்காதீர்கள். இந்த ஒருமுறை.

அன்பு மகள்,
ஷைலா

—

எம். புதுப்பட்டி,
5 பிப்ரவரி 2026

அன்பு மகள் ஷைலாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

காரணம் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அந்த இரண்டு நாளும் உன் அம்மா அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டியில் இருந்தாள். லீவு போடு என்றேன். "லீவு போட்டா என்னைய உள்ள விட மாட்டாக" என்றாள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன், அவள் உள்ளே போய்ப் போய் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். கையைக் கழுவுவாள், மறுபடி போவாள்.

இரண்டாம் நாள் மதியம் என்னைத் தாலுகா ஆபீஸுக்குப் பேச அழைத்துப் போனார்கள். பேச்சு ஒன்றுமில்லை, டீ கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். நானே எழுந்து நடந்து வந்தேன். வெயிலுக்காகப் பின்பக்க வழியாக வந்தேன். ஆஸ்பத்திரித் துணி காயப்போடுகிற கொடிகள் இருக்கும் இடம். வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில் நாலு வீட்டுக்காரர்களும் நின்றார்கள். உன் அம்மா யூனிபாரத்தோடு அவர்கள் முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பாண்டிமுருகன் அவள் கையைப் பிரித்துவிடப் பார்த்தான். அவள் மறுபடி மறுபடி சேர்த்தாள்.

நான் வந்த வழியே திரும்பிச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்தாள். எங்கே போனாய் என்றேன். "சாப்பிடப் போயிருந்தேன்" என்றாள். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள். சரி என்றேன். சாயங்காலம் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அவள் மகன் பெயர் கெட்டது கெட்டபடி இருக்கட்டும், அவனை மார்ச்சுவரியிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். நான் வாங்காவிட்டாலும் அவர்கள் வாங்கிவிட்டால் நான் தனியாக உட்கார முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். சரியான கணக்கு. அரசியல் எனக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாலு பேர் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீ கேட்கலாம். அவர்கள் மேல் கோபம் என்றால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனால் போதும். இவள் மேல் என்றால் எங்கே போவேன்? ஒரே வீடு, ஒரே சோற்றுப் பானை. ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தாலும் ஒரே கட்டில். அவர்களும் அதைத் தெரிந்துதான் என் கோபத்தை வாங்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது.

பெனிட்டோ போன் பற்றி இரண்டு முறை கேட்டாய். கம்பெனிக்குள் போன் கூடாது என்று அவன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது. நான்தான் ரீசார்ஜ் செய்கிறேன். நம்பர் வேறு யாருக்கும் போய்விடக் கூடாது. ஞாயிறு தோறும் அம்மா சர்ச்சுக்குப் போனதும் சார்ஜ் போடுவேன். அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். நீ கை தவறி அடித்த அன்று நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பீரோவுக்குள் அவன் பாட்டு பாடியது. இரண்டு பேரும் எழவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நின்ற பிறகு அவள், "ரசம் ஊத்தவா?" என்று கேட்டாள். சர்ச்சுக்குப் போய் வந்த பின் அவளும் எத்தனை நாள் அதைத் தொட்டுப் பார்த்திருப்பாளோ. அப்புறம் போய்ப் பார்த்தேன். உன் பெயரை அவன் எப்படிப் போட்டு வைத்திருக்கிறான் தெரியுமா? 'பிசாசு'. பிசாசு அழைத்தது என்று திரையில் இருந்தது. நான் சிரித்தேன். அடுக்களையில் அவளுக்குக் கேட்டிருக்கும்.

நேற்று ரோட்டில் இந்தப் பக்கமாகவே நடந்து வந்தேன். எதிரே பாண்டிமுருகன். என்னைப் பார்த்ததும் மரியாதைக்கு அவன் அந்தப் பக்கம் போய்விட்டான். இது இனி சரியாக இரண்டு பேருக்கும் கொஞ்ச நாள் ஆகும்.

தீசிஸை விடாதே. ஆளுநர் எங்கும் போய்விட மாட்டார். பொன்னுத்தங்கத்தின் சத்தியத்துக்காகப் பெயர் போடாதே. ஒரு குடும்பத்துப் பெண் என்று எழுது, அது உங்கள் துறையில் வழக்கம்தானே. இராமகிருஷ்ணனுக்குச் சொல், ஆட்சேபம் இல்லை என்று எழுதியதை அடித்துவிட்டுச் சம்மதம் என்று போட்டுக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும். தீசிஸ் முடிந்து வந்ததும் அதை முழுக்கத் தமிழில் வாசித்துச் சொல்ல வேண்டும் என்று அம்மா என்னிடம் கேட்டிருக்கிறாள். மருந்துச் சீட்டு இங்கிலீஷ்தான் அவளுக்கு ஓடும், உன் இங்கிலீஷ் ஓடாது. வாசிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அன்று அந்தக் கொடிகளுக்கு நடுவில் அவள் அவர்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. உனக்குத் தெரியும். கடிதத்தில் எனக்குச் சொல்லாதே. அது எந்தப் பக்கத்தில் வருகிறதோ அங்கேதான் நான் முதல் தடவை அதை வாசிக்கப் போகிறேன், அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டு. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் பக்கத்தை நான் நிறுத்தாமல் வாசிக்கிற மாதிரி எழுது.

அப்பா